பதிமூன்று தெரியாத டஜன் அண்ணன்

பதிமூன்று என்ற எண்ணே உலகத்தில் கிடையாது என்று நம்பிக்கொண்டு திருப்பூரில் ஒரு மனிதர் இருபது வருடம் வேலை பார்த்தார். பதிமூன்று மட்டுமல்ல, பதினான்கு, பதினைந்து என்று பத்தொன்பது வரைக்கும் எதுவுமே அவர் அகராதியில் இல்லை. அதனால் அவருக்கு ஒரு குறையும் வந்ததில்லை. சம்பளம் வந்தது, போனஸ் வந்தது, பேக்கிங் மாஸ்டர் என்ற பதவி வந்தது, கூடவே டஜன் அண்ணன் என்ற பெயரும் வந்தது. நெருப்பெரிச்சல் பக்கம் இருந்த அந்த பனியன் கம்பெனியில் நான் நாலு வருடம் எச்.ஆர். ஆக இருந்தேன். அவருடைய ஃபைல் என் மேஜை டிராயரில்தான் கிடந்தது. இருந்தும் அவர் நிஜப் பெயர் என்ன என்று சட்டென்று கேட்டால் இன்றைக்கும் எனக்கு வாயில் வராது.

பனியன் கம்பெனிக்குள் எட்டிப் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அங்கே எல்லாம் டஜன்தான். தைப்பவர்களுக்குக் கூலி டஜனுக்கு, பிசிர் வெட்டுகிறவர்களுக்கு டஜனுக்கு, பெட்டியில் அடுக்குவதும் டஜன் டஜனாக. ஆனால் மற்றவர்கள் வேலை முடிந்து கேட்டைத் தாண்டியதும் டஜனை அங்கேயே விட்டுவிட்டு மனிதர்களாக வீட்டுக்குப் போவார்கள். அண்ணன் மட்டும் வீடு வரைக்கும் எடுத்துக்கொண்டு போனார்.

எதிர் டீக்கடைக்குப் போன் போட்டு, "தம்பி, ஒரு டஜன் மூணு டீ குடுத்துடு கண்ணு. அதுல நாலு சக்கர கம்மி" என்பார். கடைக்காரருக்குப் பழகிவிட்டது, பதினைந்து டீ வரும். ஒருநாள் கடையில் புதிதாக ஒரு ஆள் நின்றிருக்கிறார். மூன்று டீயும் ஒரு டஜன் பட்டர் பன்னும் வந்து சேர்ந்தன. அண்ணன் கோபிக்கவில்லை. பன்னை எண்ணிப் பார்த்தார். சரியாகப் பன்னிரண்டு இருந்தது. "எண்ணிக்கை கரெக்டா இருக்குதுங்க, பையன் பொழச்சுக்குவான்" என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் பிட்டுக் கொடுத்தார்.

வருடத்துக்கு ஒருமுறை கம்பெனிக்கு டாக்டர் வந்து எல்லோரையும் பரிசோதிப்பார். ஒருமுறை அவரோடு வந்த நர்ஸ் ஊருக்குப் புதுசு.

"வயசு என்னங்க அண்ணா?"

"மூணு டஜன் ரெண்டு ஆச்சுங்க."

"எடை எவ்வளவு வந்துச்சு?"

"அஞ்சரை டஜன் கிலோங்க அம்மிணி."

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு மெதுவாக என்னிடம் வந்து, "சார், இவருக்குத் தலையில எதுவும் அடிபட்டிருக்குதுங்களா?" என்று கேட்டது. நான் கணக்குப் போட்டு முப்பத்தெட்டு, அறுபத்தாறு என்று எழுதிக் கொடுத்தேன். எச்.ஆர். வேலை என்றால் சும்மாவா?

ஒருமுறை சரக்கு வாங்குகிற ஒரு வெளிநாட்டு பையர் பத்துப் பத்தாகப் பேக் செய்து அனுப்பச் சொல்லிவிட்டான். அண்ணன் மூன்று நாள் லீவு போட்டார். நாலாம் நாள் வந்து வேலையை முடித்துக் கொடுத்தார்தான். ஆனால் ஒவ்வொரு கவரை ஒட்டும்போதும் ஒரு பெருமூச்சு. "என்னங்க அண்ணா?" என்றால், "பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுக் கை கழுவுன மாதிரி இருக்குதுங்க. இன்னும் ரெண்டு வெச்சா என்னங்க அவனுக்குக் கேடு?" என்பார். அந்த ஆர்டர் கப்பல் ஏறும் வரை பேக்கிங் செக்‌ஷனில் ஒருவரும் சிரிக்கவில்லை.

இப்படிப்பட்டவர் கையில் சின்னக் குழந்தைகளை ஒப்படைத்தது யார் என்று நீங்கள் கேட்பீர்கள். நான்தான். நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு மார்ச் மாதம் லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மேடையில் நின்று எண்ணிக்கொண்டே பின்னால் பின்னால் போயிருக்கிறார். மேடை முடிந்துவிட்டது, எண்ணிக்கை முடியவில்லை. விழுகிறவர்கள் ஐயோ என்பார்கள், அம்மா என்பார்கள். இவர் அந்தரத்தில் இருக்கும்போதே "நாலு டஜன் ஆறு! எழுதிக்குங்க!" என்று கத்தினார். பிறகுதான் தரையைத் தொட்டார். வலது கணுக்காலில் எலும்பு விரிசல். டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் நிற்கக் கூடாது என்றார். "அரை டஜன் வாரமுங்களா?" என்று அண்ணன் கேட்டாராம்.

மூன்றாம் நாளே ஆட்டோவில் வந்து கம்பெனி வாசலில் இறங்கிவிட்டார். "ஊட்ல இருந்தா பைத்தியம் புடிக்குதுங்க. எண்ணறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க. கூரை ஓடுகளக்கூட எண்ணி முடிச்சுட்டனுங்க." உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை வேண்டும். அப்போது எங்கள் கிரெச்சில், அதாவது தையல் பெண்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அறையில், ஒரு ஆயா பிரசவத்துக்குப் போயிருந்தார். சரசக்கா என்ற இன்னொரு ஆயா தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தார். நான் அண்ணனை அங்கே உட்காரவைத்தேன். என் சர்வீஸில் நான் எடுத்த முடிவுகளில் இதற்கு மட்டும்தான் மூன்று நாள் தூக்கம் போனது.

முதல் நாளே சரசக்கா ஓடி வந்தார்.

"சார், சித்த வந்து பாருங்க. அவுரு புள்ளைகள லைன்ல நிறுத்தீட்டு, ஒண்ணு ஷார்ட்டேஜ், லாட் முடியாதுங்கறாரு."

போய்ப் பார்த்தேன். கிரெச்சில் பதினோரு பிள்ளைகள். மூன்று வரிசையில் நாலு நாலாக நிற்கவைத்ததில் கடைசி வரிசையில் ஒரு இடம் காலி. "ஒரு பீஸ் குறையுதுங்க" என்று அண்ணன் கவலையோடு சொன்னார். நான் எங்கே போய்ப் பிள்ளை பிடித்துக்கொண்டு வருவது? கடைசியில் சரசக்காவையே அந்த இடத்தில் நிறுத்தி டஜனை நிறைவு செய்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் ஐம்பது வயது சரசக்கா பிள்ளைகளோடு பிள்ளையாகக் கைகட்டி நின்று "பன்னெண்டு!" என்று கத்திவிட்டுத்தான் பால் காய்ச்சப் போவார்.

இரண்டாம் நாள் பிள்ளைகளின் சட்டையில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். துணியில் கறையோ ஓட்டையோ இருந்தால் செக்கிங்கில் ஒட்டுவார்களே, அதே ஸ்டிக்கர். மூக்கு ஒழுகினால் ஒன்று, நகம் வெட்டாவிட்டால் ஒன்று. கழுவிக்கொண்டு வந்தால் அம்பைப் பிய்த்துவிட்டு "ஓகே, பாஸ்" என்று முதுகில் தட்டுவார். வெளிநாட்டு பையரின் ஆட்கள் அந்த வாரம்தான் ஆடிட்டுக்கு வருவதாக இருந்தது. குழந்தைகள் மேல் ரிஜெக்ட் ஸ்டிக்கரைப் பார்த்தால் அவர்கள் என்ன எழுதுவார்கள் என்று நினைத்து எனக்கு வேர்த்துவிட்டது. பிள்ளைகள் என்னவென்றால், ஸ்டிக்கர் வேண்டும் என்பதற்காகவே போட்டி போட்டுக்கொண்டு மூக்கை ஒழுகவிட்டார்கள்.

அந்தப் பதினொன்றில் ஜெனி என்று ஒரு வாண்டு இருந்தாள். ஐந்து வயது முடியப் போகிறது. அவள் அம்மா ஸ்டெல்லா ஓவர்லாக் டெய்லர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் ஷிப்ட் வேலை. எங்கள் கிரெச்சில் ஐந்து வயது வரைதான். அதற்கு மேல் பள்ளிக்கூடம் போயாக வேண்டும். கம்பெனி வாசலிலேயே காலையில் ஏற்றி மாலையில் இறக்கிவிடுகிற வேன் ஒரே ஒரு பள்ளிக்கூடத்துக்குத்தான் இருந்தது. எல்.கே.ஜி. படிக்காத பிள்ளை நேரே யு.கே.ஜி. சேர வேண்டுமானால் இருபது வரை எண்ணிக் காட்ட வேண்டும், எழுதியும் காட்ட வேண்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஜெனி பன்னிரண்டு வரை பாய்ந்து போவாள். அதற்கப்புறம் பதினேழு, பதினாலு, இருபத்தஞ்சு, நூறு என்று இஷ்டப்பட்ட ஊர்களில் எல்லாம் இறங்கி ஏறுவாள்.

ஸ்டெல்லா என்னிடம் வந்து சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"சார், இந்தப் பள்ளிக்கூடத்துல எடம் கெடைக்கலன்னா பிள்ளைய ஊர்ல எங்க அக்கா வீட்டுக்குத்தான் அனுப்பணும். கொண்டு விடவும் கூட்டிட்டு வரவும் எங்களுக்கு யாரு இருக்கா? ஊருக்கு அனுப்பிட்டா வருசத்துல ரெண்டு தடவதான் பாக்க முடியும். கிறிஸ்மஸுக்கு ஒருக்க, மாதா கோயில் திருவிழாவுக்கு ஒருக்க."

சொல்லிவிட்டு அந்தப் பெண் அழவில்லை. மெஷினுக்குப் போய் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்துவிட்டாள். நான்தான் அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

அண்ணன் காதில் இது விழுந்தது. "இருவது வரைக்குந்தானுங்களே? நான் பாத்துக்கறனுங்க சார். எண்ணறத உட்டா எனக்கு வேற என்னுங்க தெரியும்?" என்று நெஞ்சைத் தட்டினார். நானும் நிம்மதியாகிவிட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான் என்று தெரியச் சரியாக இரண்டரை வாரம் ஆயிற்று.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டெல்லா மகளைப் பார்க்க கிரெச்சுக்குப் போனாள். நானும் வராந்தாவில் நின்றிருந்தேன். உள்ளே பதினோரு குரல்கள் கூரையைப் பிய்த்தன.

"பத்து! பதினொண்ணு! பன்னெண்டு! ஒரு டஜன் ஒண்ணு! ஒரு டஜன் ரெண்டு! ஒரு டஜன் மூணு!"

ஸ்டெல்லா கையில் இருந்த தூக்குப்போசி சாய்ந்து ரசம் தரையில் ஓடியது. பிள்ளைகள் நிற்கவில்லை. ஒரு டஜன் பதினொண்ணு வரை போய், "ரெண்டு டஜன்!" என்று கை தட்டினார்கள். எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்தியது ஜெனிதான்.

"ஏ அண்ணே, என்னத்தச் சொல்லிக் குடுத்திருக்கிய?" என்றாள் ஸ்டெல்லா.

"ஏனம்மிணி, தப்பே இல்லாம ரெண்டு டஜன் வரைக்கும் போறாளே!"

"பள்ளிக்கூடத்துல டீச்சர் பதிமூணு எழுதுன்னா எம்பிள்ள என்ன எழுதுவா? டஜன்னு எழுதுவாளா? அவுங்க வரச்சொன்ன தேதிக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருக்கு. எம்பிள்ள ஊருக்குப் போனா நீங்க வந்து எனக்குப் பதில் சொல்லுவியளா?"

ஸ்டெல்லா போன பிறகு அண்ணன் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்தபடி இருந்தார். பிள்ளைகள் அந்த ஒரு மணி நேரத்தில் அவர் கட்டு முழுக்க ஸ்டிக்கர் ஒட்டி முடித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை என் அறைக்கு நொண்டிக்கொண்டே வந்தார்.

"சார், கதவச் சாத்திக்கட்டுங்களா?"

"சொல்லுங்கண்ணா."

"அந்தப் பன்னெண்டுக்கு அக்கட்டால என்னென்ன இருக்குதுன்னு ஒருக்காச் சொல்லுங்க. நானும் பள்ளிக்கூடத்துல படிச்சதுதானுங்க. ஆனா பொழங்காம உட்டதுல வாய்க்கு வரமாட்டேங்குதுங்க."

நான் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். பதிமூணு வந்தது, பதினாலு வந்தது. பதினஞ்சில் வண்டி நின்றது. "ஒரு டஜன்..." என்று தொடங்கிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். பதினாறைச் சொல்லும்போது கசப்பு மாத்திரையை விழுங்குகிறவர் போல முகம் கோணும். அன்று என்னிடம் லீவு கேட்டு வந்தவர்கள் கதவுக்கு வெளியே நின்று, எச்.ஆரும் பேக்கிங் மாஸ்டரும் மாறி மாறிப் பதினேழு, பதினெட்டு என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறார்கள். ஏலம் போகிறது என்று செக்கிங் செக்‌ஷனில் பேச்சாகிவிட்டது.

எண்ணுவது அண்ணனுக்கும் அவரிடமிருந்து ஜெனிக்கும் ஒருவழியாக வந்துவிட்டது. எழுதுவதில்தான் பெரிய பள்ளம் காத்திருந்தது. "பதிமூணு எழுது கண்ணு" என்றால் ஜெனி பத்து என்று 10 போடுவாள், பக்கத்தில் மூணு என்று 3 போடுவாள். 103. பதினைந்துக்கு 105. ஏன் என்று அண்ணன் கேட்டால், "பத்து எழுதி, அஞ்சு எழுதிட்டேன்ல மாமா?" என்பாள். அவள் சொல்வதில் தப்பே இல்லை. சரசக்கா கையைப் பிடித்து எழுதவைத்துப் பார்த்தார். கையை எடுத்ததும் மறுபடி 103.

அண்ணன் சிலேட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "கண்ணு, நூத்தி மூணு பீஸ் நம்ம பெட்டிக்குள்ள ஏறவே ஏறாது. பெட்டி கிழிஞ்சுரும்" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "சார், கட்டிங்ல இருந்து ஒரு மூட்டை வேஸ்ட் துணியும் கொஞ்சம் லாஸ்டிக்கும் வேணுங்க" என்றார்.

அன்று அவர் செய்ததை நான் நின்று பார்த்தேன். வேஸ்ட் துணியைச் சின்னச் சுருளாகச் சுருட்டி நிறையக் குவித்தார். ஒவ்வொன்றாக எண்ணி, பத்தில் நிறுத்தினார். நிறுத்தும்போது அவர் கை பதினொன்றாவது சுருளுக்குத் தானாகப் போனது. இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். பத்தையும் சேர்த்து லாஸ்டிக் போட்டு ஒரு கட்டாகக் கட்டினார். கட்டியதும் ஒரு பெருமூச்சு விட்டார். பத்தோடு நிறுத்தச் சொன்னதற்காக மூன்று நாள் லீவு போட்ட மனிதர் அவர். அந்தக் கட்டைப் பார்த்ததும் எனக்கு அவர் மேல் திடீரென்று பாசம் பொங்கியது.

"இது ஒரு கட்டு. இது வெளியில நிக்கற லூசு. ஒண்ணு, ரெண்டு, மூணு. கட்டு எத்தன கண்ணு?"

"ஒண்ணு."

"லூசு?"

"மூணு."

"ஒரு கட்டு, மூணு லூசு. அதுக்குப் பேருதான் பதிமூணு."

அடுத்து அட்டைப்பெட்டி ஒன்றின் மூடியைக் கிழித்தெடுத்து பிளேடால் இரண்டு சின்ன ஜன்னல் வெட்டினார். பெட்டி மேல் நம்பர் போட இப்படித்தான் அட்டையில் ஓட்டை வெட்டி, அதை மேலே வைத்து மை தடவுவார்கள். இடது ஜன்னலுக்கு மேலே ஒரு கட்டுப் படம், வலது ஜன்னலுக்கு மேலே ஒற்றைச் சுருள் படம். அதைச் சிலேட்டின் மேல் வைத்து ஜெனியிடம் சாக்பீஸைக் கொடுத்தார். ஜெனி பழக்கதோஷத்தில் இடது ஜன்னலில் 1 போட்டாள், வலது ஜன்னலில் 0 போட்டாள். மூன்றைப் போட இடமில்லை. அட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"மாமா, எடம் இல்ல."

"எடம் இல்லீல்ல? அப்ப அந்த முட்டைய ஆரு உள்ள உட்டது? வெளியில மூணு லூசு நிக்குது பாரு, அதுக்கு எடம் குடு சாமி."

ஜெனி முட்டையை அழித்தாள். மூன்றைப் போட்டாள். அண்ணன் அட்டையைத் தூக்கினார். சிலேட்டில் 13 என்று இருந்தது. சரசக்கா கை தட்டினார். ஜெனி மாமாவின் கட்டுப்போட்ட கால் மேலேயே குதித்தாள். வலியிலும் சந்தோஷத்திலும் சேர்ந்து அவர் போட்ட சத்தத்தில் ஃபினிஷிங் செக்‌ஷனில் இருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

அதன் பிறகு கிரெச்சில் ஒரே திருவிழாதான். பீகாரில் இருந்து வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை குடியா அங்கே இருந்தாள். அவள் தேரா, சௌதா என்று இந்தியில்தான் எண்ணுவாள். அண்ணனுக்கு இந்தி தெரியாது. ஒரு கட்டையும் மூன்று சுருளையும் அவள் முன்னால் வைப்பார். அவள் "தேரா" என்பாள், ஜெனி "பதிமூணு" என்பாள், இரண்டு பேரும் அட்டையை வைத்து எழுதினால் ஒன்றுபோலவே வரும். "பாத்தீங்களா சார், எந்தப் பாஷைல சொன்னாலும் பெட்டி ஒண்ணுதானுங்க" என்று அவருக்கு ஒரே பெருமை. பத்தொன்பதுக்கு அப்புறம் இன்னொரு சுருளை வைத்ததும் பிள்ளைகள் எல்லோரும், "கட்டு! கட்டு!" என்று கத்துவார்கள். இரண்டாவது கட்டு விழும். லூசு ஒன்றும் மிச்சம் இல்லை, அந்த ஜன்னலில் முட்டை போடு என்பார். முட்டை போடும் உரிமைக்காக அங்கே இரண்டு கடிகளும் ஒரு கிள்ளும் நடந்ததாக என் பதிவேட்டில் இருக்கிறது.

பள்ளிக்கூடம் வரச்சொன்ன நாள் வந்தது. ஸ்டெல்லா பயந்துபோய் என்னையும் கூட வரச் சொன்னாள். கம்பெனி வேனில் ஏறினால், முன் சீட்டில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மாவுக்கட்டைப் பிரித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. கையில் ஊன்றுகோல், சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு.

"அண்ணா, வாங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா அங்க நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"தொறக்க மாட்டனுங்க."

"டஜன்னு ஒரு வார்த்த வரக் கூடாது."

"கம்முனு இருப்பனுங்க. சத்தியமா."

அந்த டீச்சர் நல்ல மாதிரி. எங்களை வராந்தாவில் நிற்கச் சொல்லிவிட்டு ஜெனியை உள்ளே மேஜை முன் உட்காரவைத்தார். ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. இருபது வரை எண்ணச் சொன்னார். ஜெனி பன்னிரண்டுக்கு வந்ததும் ஒரு நொடி நின்றாள். ஸ்டெல்லா என் சட்டைக் கையைப் பிடித்துக் கசக்கிவிட்டாள். அந்தப் பக்கம் அண்ணன் துண்டு நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். "பதிமூணு" என்றாள் ஜெனி. பிறகு தடதடவென்று இருபதில் போய்த்தான் நின்றாள்.

டீச்சர் ஒரு டப்பாவில் இருந்து கிரேயான்களை மேஜையில் கொட்டினார்.

"இதுல எத்தனை இருக்குன்னு எண்ணி எழுது பார்க்கலாம்."

ஜெனி எண்ணவில்லை. "மிஸ், லாஸ்டிக் இருக்கா?" என்று கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"லாஸ்டிக் இல்லாம எப்படிக் கட்டுறது?"

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுருட்டி வைத்திருந்த சார்ட்டில் இருந்து ரப்பர் பேண்டைக் கழற்றிக் கொடுத்தார். ஜெனி பத்துக் கிரேயானை எண்ணிக் கட்டித் தனியாக வைத்தாள். மிச்சத்தை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றை மட்டும் மேஜையின் அந்த ஓரத்துக்குத் தள்ளினாள்.

"ஒரு கட்டு, நாலு லூசு. பதினாலு" என்று சொல்லி 14 என்று எழுதினாள். அழகாக எழுதினாள். ஆனால் நாங்கள் வெளியில் இருந்து எண்ணியிருந்தோம். மேஜையில் இருந்தது பதினைந்து.

"நல்லாப் பாரும்மா. பதினஞ்சு இருக்குல்ல?"

"இல்ல மிஸ். பதினாலுதான்."

"இன்னொரு தடவை எண்ணு."

"பதினாலுதான் மிஸ்."

டீச்சர் பேப்பரைத் தன் பக்கம் இழுத்தார். ஸ்டெல்லா "போச்சு" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அண்ணனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், விஷயம் தீர்ந்துவிடும். அவருக்கு அது நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். பிறகு ஊன்றுகோலைத் திருப்பி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டார்.

உள்ளே ஜெனியின் குரல் கேட்டது.

"மிஸ், அது டேமேஜ். நுனி உடஞ்சிருக்கு பாருங்க. டேமேஜைப் பெட்டில போட்டா பையர் திருப்பி அனுப்பிருவான்."

டீச்சர் ஓரத்தில் கிடந்த கிரேயானை எடுத்துப் பார்த்தார். உடைந்துதான் இருந்தது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், பக்கத்து வகுப்பில் இருந்து இன்னொரு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"சரிம்மா. அந்த டேமேஜையும் சேர்த்தா எத்தனை?"

ஜெனி ஜன்னல் பக்கம் திரும்பினாள். மாமா முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் யோசித்தாள். 4 இருந்த இடத்தை அழித்து 5 போட்டாள். "பதினஞ்சு. ஆனா பெட்டில போடக் கூடாது மிஸ்" என்றாள்.

டீச்சர் வெளியே வந்து ஸ்டெல்லாவைத் தூக்கி நிறுத்தி, "ஜூன் மாசம் கூட்டிட்டு வந்துருங்க. எடம் உண்டு. யாரு இவளுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். ஸ்டெல்லா அண்ணன் பக்கம் கையை நீட்டினாள். அண்ணன் திரும்பினார். வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவர் அல்லவா, என் முகத்தைப் பார்த்தார். பேசலாம் என்று நான் தலையாட்டினேன்.

"மேடம், அந்த உடஞ்ச கிரேயான ஆரும் பாக்கறதுக்கு முந்தி மாத்திருங்க" என்றார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று காலை எட்டு மணிக்கு முன்பே அவர் கம்பெனி கேட்டில் வந்து நின்றுகொண்டார். கால் முழுக்கச் சரியாகிவிட்டது. பேக்கிங்கில் ஒரு லாரி காத்துக்கிடந்தது, ஆள் விட்டுக் கூப்பிட்டும் போகவில்லை. வேன் வந்தது. புதுப் பையும் ரிப்பனுமாக ஜெனி ஏறினாள். ஸ்டெல்லா வேன் கதவு சாத்தும் வரை நின்று கையசைத்துவிட்டு, சாயங்காலம் பிள்ளை இதே வாசலுக்கு வந்துவிடும் என்ற முகத்தோடு மெஷினுக்கு ஓடினாள். ஜெனி ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் எங்கள் இருவரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேன் முனை திரும்பிய பிறகும் அண்ணன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைச் சீண்டாமல் என்னால் இருக்க முடியாது.

"ஏனுங்கண்ணா, வேன்ல மொத்தம் எத்தன புள்ளைங்க?"

"எண்ணலீங்க சார்" என்றார். "எனக்கு நம்ம பாப்பா மட்டுந்தான் தெரிஞ்சுதுங்க."

அந்த மனிதரை அங்கேயே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு. எச்.ஆர். ஆயிற்றே, நாலு பேர் பார்ப்பார்களே என்று கையை அடக்கிக்கொண்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.